எஸ் கோடு எந்தக் கோட்டோடு சேர்கிறது?

களுவாஞ்சிகுடிப் பக்கம் பதினோராம் ஆண்டுக்குக் கணிதம் படிப்பிக்கும் ஓர் இளம் ஆசிரியை கேட்டிருக்கிறார்: “திரிகோணகணிதக் கணக்குகளைச் செய்து காட்ட ஒரு ஸ்லைட் ரூல் வாங்க நினைக்கிறேன். இணையத்தில் பழையவை நிறைய விற்பனைக்கு இருக்கின்றன. எதை எடுப்பது? சைன், கோசைன், தான்சன் எல்லாம் அதில் எப்படிப் பார்ப்பது? மடக்கை அட்டவணையை விட அதில் என்ன வசதி?”

மகள், கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் பிள்ளைகள் பரீட்சை மண்டபத்துக்குள் கொண்டு போகப்போவது மடக்கை அட்டவணையைத்தான். அது நான்கு இலக்கம் தரும். கோடுகளை ஒன்றோடொன்று நகர்த்திக் கணக்குச் செய்யும் தடியான ஸ்லைட் ரூல் மூன்று இலக்கம் தரும். ஆகவே திருத்தத்தில் அட்டவணைதான் மேல். ஆனால் அட்டவணையில் சைன் ஒரு பக்கம், மடக்கை இன்னொரு பக்கம், கூட்டிய பிறகு முரண்மடக்கை வேறொரு பக்கம். ஸ்லைட் ரூலில் அந்த மூன்று பக்கங்களும் ஒரே தடியில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. கோணம் கூடக்கூட சைன் எப்படி ஓடுகிறது, எங்கே நெருங்கி நின்றுவிடுகிறது என்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்கலாம். எனக்குத் தெரிந்து வகுப்பறையில் அதன் பெரிய பயன் இதுதான்.

நான் எழுபதுகளில் அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்தவன். பிறகு உத்தியோக காலம் முழுவதும் வாய்க்காலும் மதகும் குளக்கட்டும்தான். முதலில் கையில் இருந்தது மரத்தில் செய்து செலுலாயிட் ஒட்டிய இங்கிலாந்து ஸ்லைட் ரூல். 1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை போனது. பெட்டியோடு மூன்று நாள் நனைந்து கிடந்த அந்த ரூலின் செலுலாயிட் பட்டை, வெயில் பட்டதும் அப்பளம்போல் வளைந்து மரத்தை விட்டு எழும்பிவிட்டது. ஆகவே மரம், பிளாஸ்ரிக், மூங்கில் பற்றிக் கீழே சொல்லப்போவதை அனுபவித்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்து உச்சரிப்பிலேயே எழுதுகிறேன். ‘ரி’ என்பது தான்சன் கோடு, ‘டி’ என்பது உடலில் உள்ள பிரதான கோடு. தமிழ்நாட்டில் இரண்டையும் ‘டி’ என்றுதான் எழுதுவார்கள். அங்கிருந்து யாராவது வாசித்தால் குழம்ப வேண்டாம்.

ரூலில் மூன்று பாகங்கள். அசையாத உடல், அதற்குள் ஓடும் நடுச்சட்டம், மேலே நகரும் கண்ணாடி. கண்ணாடியில் மயிர்போல் ஒரு கோடு இருக்கும். உடலில் டி, நடுச்சட்டத்தில் சி. இரண்டும் 1 முதல் 10 வரை ஒரே அளவில் இருக்கும். ஒவ்வோர் எண்ணும் அதன் மடக்கை அளவு தூரத்தில் குறிக்கப்பட்டிருப்பதால், தூரத்தைக் கூட்டினால் எண்கள் பெருகும். ஏ, பி என்ற கோடுகளில் அதே நீளத்துக்குள் 1 முதல் 100 வரை அடக்கப்பட்டிருக்கும். டியில் உள்ளதன் வர்க்கம் ஏயில் நிற்கும். நேப்பியர் மடக்கையை வெளியிட்டது 1614இல். சில ஆண்டுகளுக்குள்ளேயே ஓட்ரெட் என்ற ஆங்கிலப் பாதிரியார் இரண்டு மடக்கைக் கோடுகளை ஒன்றோடொன்று நகர்த்திவிட்டார். முந்நூற்றைம்பது வருடம் உலகம் அதை வைத்துத்தான் பாலம் கட்டியது. 1972இல் ஹியூலற் பக்கார்ட் 395 டொலருக்குத் தன் எச்பி-35 கணிகருவியைச் சந்தைக்கு விட்டது; எழுபதுகள் முடிவதற்குள் பெரிய ஸ்லைட் ரூல் கம்பனிகள் ஏறக்குறைய எல்லாமே உற்பத்தியை நிறுத்திவிட்டன. எனவே நீங்கள் வாங்கப்போவது பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டிய பொருள். உங்களுக்கு மூத்தது.

இனி எதை வாங்குவது. எல்லோரும் கம்பனிப் பெயரைத்தான் கேட்கிறார்கள். திரிகோணகணிதத்துக்கு அது இரண்டாம் பட்சம். எஸ் என்ற சைன் கோடு எங்கே இருக்கிறது, எந்தக் கோட்டோடு சேர்த்து அதை வாசிக்க வேண்டும் என்ற இரண்டையும் பாருங்கள்.

பழைய ரூல்களில் எஸ் கோடு ஏயோடு சேரும். ரி கோடோ டியோடு சேரும். அதாவது சைனுக்கு ஒரு கோடு, தான்சனுக்கு வேறொரு கோடு. பழகியவனுக்குத் தொந்தரவில்லை. முப்பது பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தும் ஆசிரியைக்குத் தலையிடி. பிற்கால ரூல்களில் எஸ், ரி இரண்டும் டியோடுதான் சேரும். படத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். எஸ் கோட்டின் இடது முனையைப் பெருப்பித்துப் பாருங்கள். அது ஐந்தரை, ஆறு பாகைக்குக் கிட்டத் தொடங்கினால் டியோடு சேர்கிறது. முப்பத்துநான்கு, முப்பத்தைந்து கலையில் (ஒரு பாகைக்கு அறுபது கலை) தொடங்கினால் ஏயோடு சேர்கிறது. ரூல் கையில் கிடைத்தால் இன்னும் சுலபம்: முனைகளைப் பொருத்தி வைத்துக் கண்ணாடியை எஸ் கோட்டின் 30க்குக் கொண்டுபோங்கள். சைன் 30 அரை அல்லவா, டியில் 5 நின்றால் டி வகை. ஏயில் 50 நின்று டியில் 7.07 காட்டினால் ஏ வகை.

டியோடு சேரும் வகையில் 5.7 பாகைக்குக் கீழே உள்ள சிறு கோணங்களுக்கு எஸ்ரி என்று தனிக் கோடு இருக்கும். அவ்வளவு சிறிய கோணத்தில் சைனும் தான்சனும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் இரண்டுக்கும் ஒரே கோடு போதும். இதைக் காட்டியே ஒரு பாடம் நடத்தலாம்.

அடுத்தது பாகையா கலையா என்பது. 6 பாகைக்கும் 7 பாகைக்கும் இடையில் எத்தனை பிரிவுகள் என்று எண்ணுங்கள். பத்தும் இருபதுமாக வந்தால் தசம பாகை. ஆறும் பன்னிரண்டுமாக வந்தால் கலை. உங்கள் அட்டவணை பாகையும் கலையுமாக இருப்பதால் கலை உள்ளது பொருத்தமாகத் தோன்றும். ஆனாலும் நான் தசமத்தைத்தான் சொல்வேன், கண் குறைவாகத் தடுமாறும்.

மூன்றாவது ஒரு பொறி. நான் விழுந்த பொறி. ஐரோப்பாவில் நில அளவையாளர்களுக்காகச் செங்கோணத்தைத் தொண்ணூறாகப் பிரிக்காமல் நூறாகப் பிரித்த ரூல்களும் செய்து விற்றார்கள். ஒரு விற்பனையாளர் முன்பக்கப் படத்தை மட்டும் போட்டிருந்தார். மலிவாக இருக்கிறதே என்று எடுத்துவிட்டேன். ஒன்றரை மாதம் காத்திருந்து, தபாற்கந்தோரில் கையெழுத்துப் போட்டு, வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் எஸ் கோடு 100இல் முடிகிறது, ரி கோடு 50இல் முடிகிறது. பளபளவென்ற புது ரூல்; ஆனால் முப்பது பாகை பார்க்க முப்பத்துமூன்றேகாலும் கொஞ்சமும் என்று தேட வேண்டும். இன்றைக்கும் மேசையில் கிடக்கிறது, கோடு கீறப் பயன்படுகிறது. எஸ் 90இல் முடிகிறதா என்று பார்க்காமல் காசைக் கட்டாதீர்கள். இருபக்கப் படமும் தராதவரிடம் வாங்கவே வேண்டாம்.

எங்கள் நாட்டில் பழைய வீடுகளில் அகப்படுவது அநேகமாக இங்கிலாந்துச் சரக்கு. அதில் பிரிட்டிஷ் தோர்ன்ரன் கம்பனியின் சில ரூல்களில் எஸ், ரிக்குப் பதிலாக ‘எஸ்டி’, ‘ரிடி’ என்று சிறிய டி எழுத்தோடு குட்டையான கோடுகள் இருக்கும். பழுது என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள். அந்தக் கோடு சைனைத் தராது; கோணத்தைச் சைனால் வகுத்தால் வருவதைத் தரும். முப்பது பாகைக்கு அது 60. டியில் 30க்கு (அங்கே 3 என்றுதான் இருக்கும்) நேரே எஸ்டியின் 30ஐக் கொண்டுவந்தால், முப்பதை அறுபதால் வகுத்ததாகிவிடும். சியின் முனைக்கு நேரே டியில் 5 நிற்கும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, பிரிவுகளும் நெருங்காது. ஆனால் முதல் ரூலாக அதை எடுத்தால் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவதற்குள் தவணை முடிந்துவிடும்.

கம்பனி என்று பார்த்தால் ஜேர்மனியின் அரிஸ்ரோ, பேபர் காஸ்ரெல், ஜப்பானின் ஹெமி, அமெரிக்காவின் கே அன்ட் ஈ, பிக்கெற் எல்லாம் நம்பி எடுக்கக்கூடியவை. பிக்கெற்றின் மஞ்சள் நிற அலுமினிய ரூல் ஒன்று அப்பலோ விண்வெளிப் பயணங்களில் போனது என்பதால் அதற்கு விலை கூடச் சொல்வார்கள். அது ஆறு அங்குலக் குட்டி. உங்களுக்கு வேண்டியது பத்து அங்குல ரூல். மட்டக்களப்பின் உப்புக் காற்றுக்கும் ஈரத்துக்கும் எனக்குப் பிடித்தது ஹெமி. மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்தது. மாரியிலும் நடுச்சட்டம் ஓடும். ஜேர்மன் பிளாஸ்ரிக்கும் ஈரத்துக்கு அசையாது, ஆனால் வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் ஒரு மத்தியானம் விட்டால் வளைந்துவிடும். மரம் அழகு. நான் இன்னும் ஒரு மர ரூல் வைத்திருக்கிறேன். ஆனால் ஐப்பசி மழை தொடங்கினால் நடுச்சட்டம் இறுகித் தை பிறக்கும்வரை இழுபடாது. கே அன்ட் ஈயின் பழையவற்றில் கண்ணாடியின் பிளாஸ்ரிக் ஓரங்கள் பொடிந்துபோவது சாதாரணம், படத்தில் அதைக் கவனியுங்கள். கண்ணாடி இல்லாத ரூல் திரிகோணகணிதத்துக்கு உதவாது.

இறுகினால் தேங்காயெண்ணெய் பூச வேண்டாம். முதல் நாள் வழுக்கும், அடுத்த வாரம் தூசியும் எறும்பும். மெழுகுதிரியை நடுச்சட்டத்தின் இரு ஓரங்களிலும் தேய்த்து, பத்துத் தடவை முன்பின் ஓட்டி, மென்மையான துணியால் துடைத்தால் போதும். நகப்பூச்சு நீக்கியைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம், எழுத்தே போய்விடும்.

ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். பாலமீன்மடு வெளிச்சவீடு உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்தானே, 1913இல் கட்டியது, 28 மீட்டர். கோணமானியில் நூல் கட்டிக் கல் தொங்கவிட்ட ஏற்றக்கோணக் கருவியோடு அங்கே போகிறோம். நாடாவால் 57 மீட்டர் அளந்து நிற்கிறோம். சுவரிலிருந்து அளக்கக் கூடாது, கோபுரத்தின் நடுவிலிருந்து அளக்க வேண்டும். அடியின் அகலத்தில் பாதியைக் கூட்ட மறந்து எல்லோரும் பிழைவிடும் இடம் அது. உச்சியின் ஏற்றக்கோணம் 25 பாகை. வேண்டியது 57 தர தான்சன் 25.

ரி கோடு நடுச்சட்டத்தில் இருக்கும் அமெரிக்க வகை ரூல் என்றால்: நடுச்சட்டத்தின் வலது முனையை டியில் 57க்கு மேல் வையுங்கள். கண்ணாடியை ரியில் 25க்கு நகர்த்துங்கள். அதே மயிர்க்கோட்டின் கீழ் டியில் 266. தான்சன் 25 எவ்வளவு என்று நாம் பார்க்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இடது முனையை வைத்திருந்தால் விடை தடிக்கு வெளியே போயிருக்கும். அப்படி நடந்தால் முனையை மாற்றி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரி கோடு உடலில் இருக்கும் ஜேர்மன் டாம்ஸ்ராட் வகை என்றால்: கண்ணாடியை ரியில் 25க்கு வையுங்கள், டியில் 466 நிற்கும். நடுச்சட்டத்தின் வலது முனையை அந்த மயிர்க்கோட்டுக்குக் கொண்டுவந்து, சியில் 57க்கு நேரே டியைப் பாருங்கள். அதே 266.

மூன்றாவது வகையில் எஸ்ஸும் ரியும் நடுச்சட்டத்தின் முதுகில் ஒளிந்திருக்கும். பின்பக்கத்துச் சிறு துவாரத்தில் கோணத்தை வைத்து முன்பக்கம் திருப்பி வாசிக்கலாம். எனக்கு அது ஒருநாளும் பிடித்ததில்லை. நடுச்சட்டத்தை முழுதாக உருவி, முதுகை முன்னால் திருப்பிச் செருகிவிடுவேன். பிறகு அமெரிக்க வகை போலவே எல்லாம் நடக்கும்.

266 என்பது 2.66ஆ, 26.6ஆ, 266ஆ? ரூல் சொல்லாது. தான்சன் 45 ஒன்று, 25க்கு அரைக்குச் சற்றுக் குறைவு, 57இல் பாதி 28, ஆகவே 26.6. இந்த மதிப்பீட்டைப் பிள்ளைகள் ரூலைத் தொடுமுன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாதவன் கையில் ரூலைக் கொடுக்காதீர்கள். கண்மட்டம் ஒன்றரை மீட்டரைக் கூட்டினால் 28.1.

மூன்று இலக்கம் போதுமா என்று கேட்பீர்கள். கோணம் 25 இல்லாமல் 25½ என்று வைத்துச் செய்து பாருங்கள், உயரம் அறுபது சென்ரிமீட்டர் கூடிவிடும். நூல் கட்டிய கோணமானி அரைப் பாகைக்கு மேல் நம்பத்தக்கதல்ல. ரூலின் பிழையோ ஆயிரத்தில் ஒன்று அளவு, அதாவது மூன்று சென்ரிமீட்டர். கணிகருவியில் எட்டு இலக்கம் பார்த்து 28.079537 என்று எழுதும் பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள்.

ரி கோடு பெரும்பாலும் 45இல் முடியும். 64 பாகைக்குத் தான்சன் வேண்டுமானால் 26இன் தலைகீழ்தான். சிவப்பு எழுத்தில் 64 என்று 26க்குப் பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள். சிவப்பில் கோணத்தை எடுத்தால், எண்கள் வலமிருந்து இடமாக ஓடும் தலைகீழ்க் கோட்டில் விடையை வாசிக்க வேண்டும்: 2.05. எஸ் கோட்டில் உள்ள சிவப்பு எண்களின் கதை வேறு, அவை கோசைனுக்கு. 60க்கு எதிரே 30 நிற்பதைப் பார்த்தாலே விளங்கும்.

சைன் விதியில்தான் இந்தத் தடி தன் அழகைக் காட்டும். வாவி ஒடுங்கும் ஓர் இடத்தில் அக்கரையில் ஒரு மருதமரம். இக்கரையில் 60 மீட்டர் அடிக்கோடு அளந்து, இரு முனைகளிலும் மரத்தைப் பார்க்கிறோம்: 62 பாகை, 71 பாகை. மரத்தில் உள்ள கோணம் 47. எஸ்ஸில் 47ஐ டியில் 60க்கு மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இனி நடுச்சட்டம் அசையாது. எஸ்ஸில் 62க்கு நேரே டியில் 72.4, 71க்கு நேரே 77.6. முக்கோணியின் மூன்று பக்கமும் ஒரே வைப்பில் முன்னால் கிடக்கின்றன. எஸ் உடலில் உள்ள ரூலானால் டிக்குப் பதில் சியைப் பயன்படுத்துங்கள், அதே காட்சிதான். வாவியின் அகலம் வேண்டுமா? 72.4இல் கண்ணாடியை நிறுத்தி, நடுச்சட்டத்தின் வலது முனையை அங்கே கொண்டுவந்து, எஸ்ஸில் 71க்குப் போனால் டியில் 68.5. ஓர் எண்ணைக்கூடக் கடதாசியில் எழுதவில்லை. எஸ் நடுச்சட்டத்தில் இருப்பதன் வசதி இந்தக் கடைசி அடியில்தான் தெரியும். உடல் வகையில் இடையில் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டிவரும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால் இதற்காகவே நான் நடுச்சட்ட வகையைச் சொல்வேன்.

கலைக் கணக்கில் வரும் சிறு கோணங்களுக்கு எஸ்ரி கோடும் வேண்டாம். 3438 என்ற எண்ணை ஞாபகம் வைத்தால் போதும், ஓர் ஆரையனில் (ஆரையளவு நீளமான வில் மையத்தில் அமைக்கும் கோணத்தில்) அத்தனை கலை. 300 மீட்டருக்கு அப்பால் 20 கலை தெரிந்தால், 300 தர 20 வகு 3438: ஒன்றேமுக்கால் மீட்டர். வயல் வாய்க்கால் மட்டம் பார்க்கும்போது இதைத்தான் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருப்போம்.

ஒன்று வாங்கி முப்பது பேர் எட்டிப் பார்ப்பதை விட, ஆளுக்கொன்று செய்விப்பது நல்லது என்பது என் எண்ணம். பிரிஸ்ரல் போட்டில் 25 சென்ரிமீட்டர் பட்டைகள் வெட்டுங்கள். மடக்கை அட்டவணையை எடுத்து, 2இன் மடக்கை 0.301, அதை 25ஆல் பெருக்கினால் 7.5 சென்ரிமீட்டர், அங்கே 2 என்று குறிக்கட்டும். சைனுக்கு, பத்துமடங்கு சைனின் மடக்கையை அதேபோல் 25ஆல் பெருக்க வேண்டும்: 10 பாகைக்கு 6.0 சென்ரிமீட்டர், 20க்கு 13.35, 30க்கு 17.5, 90க்கு 25. தான்சன் 20க்கு 14.0, 45க்கு 25. அரை மணித்தியாலத்தில் பட்டை தயார். எண்பதைக் குறிக்கும்போது ஒரு பிள்ளை கட்டாயம் எழும்பி, “ரீச்சர், 80க்கும் 90க்கும் இடையில் இடமே இல்லை” என்று சொல்லும். இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. அந்தப் பக்கத்தில் சைனைக் கொண்டு கோணம் கண்டுபிடிக்க ஏன் போகக் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான ரூல் வேண்டுமென்றால், என்னிடம் உள்ள ஹெமியை ஒரு கிழமைக்கு எடுத்துப் போகலாம், கல்லடிக்குத்தான் வர வேண்டும். மர ரூலையும் பார்க்க ஆசையென்றால் மார்கழியில் வராதீர்கள்.